‘காலேஜ்’ என்றால் எந்த வகுப்பு?

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வழியில் வந்திருந்த பெரியவர் ஒருவர், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர், பேச்சுவாக்கில் சொன்னார்: “நான் கொலிஜிலை ஆறாம் வகுப்புப் படிக்கேக்கை அப்பா சைக்கிள் வாங்கித் தந்தவர்.”

“காலேஜ்ல ஏதுங்க ஆறாவது?” என்று கேட்டார் என் அம்மா.

அவர் விழித்தார், அம்மாவும் விழித்தார். இரண்டு பேரும் பேசியது தமிழ்தான், இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல்தான். அகராதியைத் திறந்தால் அதற்குக் ‘கல்லூரி’ என்று ஒரே பொருள்தான் போட்டிருக்கும். ஆனால் அவருக்கு அது பத்துப் பன்னிரண்டு வயதில் அரைக்கால் சட்டையோடு போன இடம். அம்மாவுக்கு அது பள்ளிக்கூடம் முடித்த பிறகு போகும் இடம், அவர் போகாத இடம். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட ஆசைதான் இந்தச் சொல்லின் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பழைய ரோமில் ஒரே பதவியைச் சேர்ந்து வகிப்பவரைக் ‘கொல்லேகா’ என்றார்கள். இன்று அலுவலகத்தில் நாம் ‘கலீக்’ என்கிறோமே, அது இதன் நேர் வாரிசு. அப்படிப்பட்டவர்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டுச் சேர்ந்தால் அந்தச் சேர்க்கை ‘கொல்லேகியம்’. பூசாரிகளுக்கு ஒரு கொல்லேகியம் இருந்தது, கைத்தொழில்காரர்களுக்கு இருந்தது, செத்தால் அடக்கம் செய்யப் பணம் சேர்த்து வைத்த ஏழைகளுக்கும் இருந்தது. அதில் பாடமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. அது ஆட்களைக் குறித்த சொல், கட்டடத்தைக் குறித்ததல்ல.

இந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் சேர்ந்து ஒரு ‘காலேஜ்’. அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 பேருக்கும் அதே பெயர். நம் அரசியல் சாசனத்தின் 54-வது பிரிவு, குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் எம்.பி.க்களையும் எம்.எல்.ஏ.க்களையும் ஆங்கில மூலத்தில் ‘எலெக்டோரல் காலேஜ்’ என்றுதான் சொல்கிறது. நீதிபதிகள் நியமனம் பற்றிய செய்தியில் அடிக்கடி வருகிற ‘கொலீஜியம்’, தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சேர்ந்த குழு. இவ்வளவு ஏன், டாக்டர் வீட்டு வாசல் பலகையில் ‘எஃப்.ஆர்.சி.எஸ்.’ என்று பார்த்திருப்பீர்கள். அதில் வரும் ‘சி’ காலேஜ்தான். அது அந்த டாக்டர் படித்த கல்லூரி அல்ல. அறுவை மருத்துவர்களின் சங்கம், அதில் அவர் உறுப்பினர்.

சரி, சங்கம் எப்படிப் படிக்கும் இடமானது? இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் படிக்க வந்த பையன்களுக்குத் தங்க இடமும் சோறும் வேண்டியிருந்தது. செல்வந்தர்களும் ஆயர்களும் நிலம் எழுதி வைத்து, ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் விதிகளோடு வாழ ஏற்பாடு செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் 1264-இல் வந்தது, கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் 1284-இல். தங்கி வாழும் கூட்டம் என்பதால் அதற்குக் ‘காலேஜ்’ என்று பெயர். பாடம் சொல்வது அதற்குள் பிறகு வளர்ந்தது. பட்டம் கொடுப்பது எப்போதுமே பல்கலைக்கழகத்தின் வேலை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ‘பள்ளி’ நினைவுக்கு வந்தது. பள்ளி என்றால் படுக்கும் இடம். பள்ளி கொள்வது, பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் அதிலிருந்து வந்தவை. சமண முனிவர்கள் தங்கிய இடம் பள்ளி. அங்கே பிள்ளைகள் போய்ப் படித்ததால் படிக்கும் இடமே பள்ளிக்கூடம் ஆனது. உலகத்தின் இரண்டு மூலைகளில், தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள், தங்குமிடத்திலிருந்து படிப்பிடத்துக்கு ஒரே வழியில் நடந்து வந்திருக்கின்றன. எனக்கு இது சாதாரணமாகத் தெரியவில்லை.

ஆனால் இங்கிலாந்திலேயே இன்னொரு கிளையும் முளைத்தது. 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் பையன்களுக்காக ஈட்டனில் ஒரு நிறுவனத்தை வைத்தார். அதற்கும் பெயர் ‘ஈட்டன் காலேஜ்’. அது அன்றும் பள்ளிக்கூடம், இன்றும் பள்ளிக்கூடம். அதைப் பார்த்துப் பெரிய விடுதிப் பள்ளிகள் பலவும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டன. ஆக, ஆங்கிலேயர் கப்பலேறி நம் பக்கம் வந்தபோது அவர்கள் கையில் இரண்டு ‘காலேஜ்’ இருந்தது. ஒன்று பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, இன்னொன்று பெரிய பள்ளிக்கூடம். தமிழ்நாட்டில் முதலாவது வேர்விட்டது, இலங்கையில் இரண்டாவது. அம்மாவும் பருத்தித்துறைப் பெரியவரும் விழித்துக்கொண்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இலங்கையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, யாழ். மத்திய கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, கொழும்பு றோயல் கல்லூரி எல்லாம் பள்ளிக்கூடங்கள். மிஷனரிமாரும், அவர்களுக்கு ஈடுகொடுக்க எழுந்த சைவர்களும் ஆங்கிலேயப் பெரிய பள்ளிகளின் மாதிரியில் இவற்றை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் இவற்றில் சில, பள்ளிப் படிப்புக்கு மேலேயும் சொல்லிக் கொடுத்து, இந்தியப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மாணவரை அனுப்பின. அதனால் பெயர் பொருந்தித்தான் இருந்தது. 1921-இல் கொழும்பில் யுனிவர்சிட்டி காலேஜும் 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் வந்த பிறகு மேற்படிப்பு அங்கே போய்விட்டது, பெயர் மட்டும் பள்ளியிலேயே நின்றுவிட்டது. நின்றது வெறும் பெயரும் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய கொலிஜ் அவர் ஊரைப் போல. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டத்தை ‘வடக்கின் போர்’ என்பார்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளை எடுத்தவர்கள் இன்றும் பழைய மாணவர் சங்கமாகக் கூடுகிறார்கள்.

புதுச்சேரியிலும் இதே போல ஒன்று உண்டு, ஆனால் அது பிரெஞ்சு வழி. பிரான்சில் ‘கொலேழ்’ என்றால் பதினொரு வயதிலிருந்து நான்கு ஆண்டுகள் படிக்கும் நடுநிலைப் பள்ளி. புதுச்சேரி மிஷன் வீதியில் ‘கலவைக் கல்லூரி அரசு மேல்நிலைப்பள்ளி’ என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. கல்லூரியா, பள்ளியா என்று வெளியூர்க்காரர் குழம்புவார்கள். அது பிரெஞ்சுக்காரர் காலத்துக் கொலேழ். பள்ளிதான்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே முதலில் வந்த ‘காலேஜ்’களில் ஒன்று 1812-இல், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை முயற்சியில், புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரில் அமைந்தது. கும்பினி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக் கொடுக்கவும், தமிழ் நூல்களை அச்சிடவும் வந்த அமைப்பு அது. அதைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? ‘சென்னைக் கல்விச் சங்கம்’. அந்தத் தலைமுறைத் தமிழ்ப் புலவர்களுக்குக் ‘காலேஜ்’ என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது சங்கம். திருப்பியும் அப்படியே நடந்தது: மதுரைச் சங்கத்தைப் பற்றி எழுதிய அந்த நூற்றாண்டு ஐரோப்பியர் அதை ‘மதுரைக் காலேஜ்’ என்றார்கள். லத்தீன் வேர் எதுவும் பார்க்காமலே வேர்ப்பொருளைத் தொட்ட மொழிபெயர்ப்பு அது. என் மனத்தில் இதுவரை வந்த எல்லா மொழிபெயர்ப்பிலும் அதுதான் சிறந்தது.

பிறகு 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரி அது: தானே பாடம் நடத்தாது, பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது அதோடு இணைந்த கல்லூரிகள். இந்த ஒரே ஏற்பாட்டில்தான் நாம் இன்று ‘காலேஜ்’ என்று சொல்வதன் முழு இலக்கணமும் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும், இருவரும் யாழ்ப்பாணத்தார். அப்போது கடல் இவ்வளவு அகலமாக இல்லை.

அதற்கப்புறம் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலேஜ் ஆயின. கும்பகோணத்தில் 1854-இல் பள்ளியாகத் தொடங்கியது பின்னர் அரசுக் கல்லூரி ஆனது. பச்சையப்பன் 1842-இல் பள்ளி, 1889-இல் கல்லூரி. சென்னையில் மருத்துவப் பள்ளி 1835-இல் வந்தது, 1850-இல் மருத்துவக் கல்லூரி ஆனது. இங்கே ‘காலேஜ்’ என்பது ஒரு பதவி உயர்வு. அதிலும் எஃப்.ஏ. வரை மட்டும் நடத்தினால் இரண்டாம் தரக் கல்லூரி, பி.ஏ. வரை நடத்தினால் முதல் தரக் கல்லூரி.

எஃப்.ஏ. என்பது மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டு ஆண்டு. கணித மேதை ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் போகாததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பனில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. ‘காலேஜில் தோற்றார்’ என்று நாம் சொல்லும்போது மனத்தில் வருவது இருபது வயது இளைஞன். உண்மையில் அவர் தடுக்கி விழுந்தது இன்றைய பிளஸ் டூ படியில்.

எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது, அது போய் பி.யு.சி. வந்தது. எல்லாமே காலேஜுக்குள்தான். 1978-இல் தமிழ்நாடு அந்தப் படிப்பைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றி மேல்நிலை வகுப்பாக்கியது. அந்த ஆண்டோடு தமிழ்நாட்டில் ‘காலேஜ்’ என்ற சொல்லின் வயது கூடியது. அதற்கு முன் படித்தவர்கள் “காலேஜ்ல சேரும்போது எனக்கு மீசையே முளைக்கலை” என்பார்கள், அது சும்மா சொல்வதல்ல. பக்கத்தில் கர்நாடகத்தில் இன்றும் பி.யு. காலேஜ், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஜூனியர் காலேஜ். ஓசூர்ப் பிள்ளையும் அவனுடைய பெங்களூரு மாமா மகனும் ஒரே வயது, ஒரே படிப்பு. ஒருவன் ஸ்கூல், மற்றவன் காலேஜ்.

பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், காலேஜ் பாடம் நடத்தும் என்ற ஏற்பாடு நம் பேச்சில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். “இன்டர்னல் மார்க் காலேஜ் கையில, எக்ஸ்டர்னல் யுனிவர்சிட்டி கையில.” “யுனிவர்சிட்டி ரேங்க்.” “காலேஜ்ல டி.சி. வாங்கியாச்சு, யுனிவர்சிட்டியிலேர்ந்து டிகிரி சர்டிபிகேட் இன்னும் வரலை.” யுனிவர்சிட்டி என்பது தூரத்தில் இருந்துகொண்டு தாள் திருத்தும், சான்றிதழ் அனுப்பும். காலேஜ் என்பது நாம் தினமும் பஸ் பிடித்துப் போகும் இடம். தன்னாட்சிக் கல்லூரிகள் வந்து அவை தாங்களே கேள்வித்தாள் தயாரித்துத் திருத்தத் தொடங்கிய பிறகும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவனும் “காலேஜுக்குப் போறேன்” என்பான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 23-வது பிரிவு, ‘யுனிவர்சிட்டி’ என்ற சொல்லைக் கண்டவரும் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நிகர்நிலை நிறுவனங்கள்கூடப் பெயரிலிருந்து அதை எடுக்க வேண்டி வந்தது. ‘காலேஜ்’ என்ற சொல்லுக்கு அந்தப் பிரிவில் அப்படி வேலி கிடையாது. அதனால்தான் பத்தாவதில் தவறியவர்களுக்கு மாடிப்படி ஏறிப் போகும் இரண்டு அறைகளில் ‘டுடோரியல் காலேஜ்’ நடந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. எத்தனையோ பேரைத் தூக்கிவிட்ட இடங்கள் அவை, யாரும் அவற்றைப் பட்டம் தரும் இடம் என்று நம்பிச் சேரவும் இல்லை.

ஆனால் நம்பிச் சேர்ந்தவர்களும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர். பிளஸ் டூ முடித்ததும் பக்கத்து ஊரில் பலகையில் ‘நர்சிங் காலேஜ்’ என்று போட்டிருந்த இடத்தில் சேர்த்தார். இரண்டு வருடம் பணம் கட்டினார்கள். முடித்து வந்த பிறகு ஆஸ்பத்திரிகளில் கேட்ட முதல் கேள்வி, “நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கீங்களா?” பதிய முடியாது, அந்த இடத்துக்கு அங்கீகாரம் இல்லை. அவர் வீட்டில் யாரும் அதற்கு முன் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ‘காலேஜ்’ என்று எழுதியிருந்தால் அது காலேஜ்தான் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். யாராவது ஒருவர் அவர்களிடம், “எந்த யுனிவர்சிட்டியோட இணைப்பு? எந்தக் கவுன்சில் அங்கீகாரம்? அவங்க வெப்சைட்ல இந்தக் காலேஜ் பேர் இருக்கா?” என்று கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தவர்கள் நாங்கள் அதே தெருவில்தான் இருந்தோம்.

சொல்லின் எழுத்து வடிவத்தைப் பற்றியும் கொஞ்சம். ‘கல்லூரி’ புதிதாகச் செய்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். சீவக சிந்தாமணியிலேயே அந்தச் சொல் கற்கும் இடம் என்ற பொருளில் வருகிறது. நடுவில் நீண்ட காலம் அது தூங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ‘கலாசாலை’தான் வழக்கு, பல்கலைக்கழகம் ‘சர்வகலாசாலை’. பிறகு தனித்தமிழ் அலையில் கல்லூரி எழுந்து வந்து நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் ‘கோப்பாய் ஆசிரியர் கலாசாலை’ என்ற பெயரில் பழைய சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுத்தில் இத்தனை மாற்றம் வந்தும் பேச்சில் காலேஜ் அசையவே இல்லை. ‘பள்ளிக்கூடம்’ பேச்சிலும் வரும், ‘கல்லூரிக்குப் போறேன்’ என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை.

பேச்சில் அந்தச் சொல் வெறும் இடமாகவும் இல்லை. “பொண்ணு என்ன பண்றா?” “காலேஜ் படிக்கிறா.” காலேஜில் படிக்கிறாள் என்றல்ல, காலேஜையே படிக்கிறாள். “காலேஜ் டைம்ல”, “காலேஜ் முடிச்ச வருஷம்” என்றால் அது ஒரு பருவம், வாழ்க்கையில் ஒரு மூன்று நான்கு வருடம். அந்தப் பருவம் நிறையப் பேருக்குக் கிடைக்காமலே இருந்தது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் நூற்றுக்கு 47. நாடு முழுக்க 28.4. அரசாங்கத் தாளில் ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்றொரு சான்றிதழே இருக்கிறது. அதை வாங்க வரும் பிள்ளைகளின் வீட்டில் ‘காலேஜ்’ என்பது இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லப்படும் சொல்.

வெளிநாட்டு விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் காலேஜ் என்றால் பெரும்பாலும் இளநிலைப் பட்டப் படிப்பு, அது பல்கலைக்கழகத்துக்குள் நடந்தாலும் சரி. ஆனால் டாக்டருக்கும் வக்கீலுக்கும் படிப்பதை அங்கே ‘ஸ்கூல்’ என்பார்கள். பிரிட்டனில் “காலேஜில் இருக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் அநேகமாக அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. சிங்கப்பூர்த் தமிழில் ‘தொடக்கக் கல்லூரி’ என்று ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி மாதிரி சின்னப் பிள்ளைகளின் இடம் என்று எண்ணிவிடக் கூடாது, பதினேழு பதினெட்டு வயதில் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஜூனியர் காலேஜ் அது.

அந்தக் கல்யாண வீட்டில் ஆறாம் வகுப்பு விவகாரம் தெளிந்த பிறகு பெரியவரும் அம்மாவும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவர் தன் பேத்தியைப் பற்றிச் சொன்னார்: “அவளுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது.” அம்மா உடனே, “ரொம்ப சந்தோஷங்க, எந்தக் கம்பெனி?” என்றார். இங்கே ‘கேம்பஸ்ல கிடைச்சிடுச்சு’ என்றால் படிப்பு முடியும் முன்பே வேலை கிடைத்துவிட்டது என்று பொருள். அங்கே கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம். 1972-இல் இலங்கைப் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கி ஒவ்வொன்றையும் ‘வளாகம்’ என்றார்கள். யாழ்ப்பாண வளாகம் 1974-இல் வந்தது. அது தனிப் பல்கலைக்கழகம் ஆகி எத்தனையோ காலம் ஆன பிறகும், அந்த ஊர்ப் பிள்ளைகள் கொலிஜ் முடித்துக் கம்பஸுக்குத்தான் போகிறார்கள்.